அல்லிமுத்துவுக்குத் தீர்த்தம் தெளித்தவர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவருக்கு விசர் இல்லை. அவரைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதும் கொழும்பில் இருக்கிற என் மச்சான் ஒருவன், "ஓ, அந்த ரீவிக்குத் தண்ணி ஊத்தின விசர் மனுசியோ?" என்று போனில் சிரித்தான். அவனோடு கதைப்பதை நிறுத்தி மூன்று கிழமை ஆகிறது. ரீவிக்குத் தண்ணீர் ஊற்றியது உண்மை. அது தண்ணீர் இல்லை, தீர்த்தம். ஏன் ஊற்றினார் என்று கேட்காமல் சிரிக்கிற ஆட்களோடு எனக்குக் கதை இல்லை.

நான் அவரை மாமி என்று கூப்பிடுவேன். இரத்த உறவு கிடையாது. எங்கள் வளவுக்கும் அவருடைய வளவுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலி, அதில் ஆள் குனிந்து புகுந்து வரக்கூடிய ஒரு பொட்டு. அந்தப் பொட்டை அடைக்க அப்பா சாகும்வரை முயன்றார். அப்பா அடைப்பார், மாமி பிரிப்பார். அப்பா திரும்ப அடைப்பார். "வேலி கட்டி முடிஞ்சுது, இனிக் கை வையாதையும்" என்று ஒருமுறை அப்பா சத்தம் போட்டபோது, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மாமியின் குரல் வந்தது. "முடிஞ்சதெண்டு ஆர் சொன்னது?"

அவர் வாழ்க்கையில் அதிகமாகச் சொன்ன வசனம் அதுதான்.

ஊர்காவற்றுறைக் கரையோரம் இருக்கிற எங்கள் ஊரில் ஆண்களுக்குக் கடல், பெண்களுக்குக் கடலிலிருந்து வருகிற நண்டு. மாமி நண்டு வாடியில் வேலை செய்தார். விடிந்ததும் போய்ப் பெரிது வேறு, சிறிது வேறு, கால் முறிந்தது வேறு என்று பிரிக்கிற வேலை. மெலிந்த, உயர்ந்த உடம்பு. எந்த நேரமும் தோளில் ஒரு துவாய். வலது கைப் பெருவிரலில் நகம் இல்லை, ஏதோ ஒரு நண்டு எடுத்துக்கொண்டு போய்விட்டது. அந்த விரலை உயர்த்தித்தான் எதையும் சொல்வார். அது உயர்ந்தால் வாடியில் முதலாளியும் கதையை நிறுத்திவிடுவார்.

பங்குத் திருநாளுக்கு நடந்த உதைபந்தாட்ட இறுதிப் போட்டியில் எங்கள் ஊர் ஒரு கோலால் தோற்றுக்கொண்டிருந்தது. மத்தியஸ்தர் கடைசி விசிலை ஊதினார். மாமி குடையை விரித்தபடியே மைதானத்துக்குள் நடந்து போனார். "பந்து கடலுக்கை போய் ரெண்டுதரம் நீந்தி எடுத்தவங்கள். அந்த மினைக்கெட்ட நேரத்தை ஆர் தாறது, தம்பி?" மத்தியஸ்தர் பாவம், இளந்தாரி. மூன்று நிமிடம் கொடுத்தார். அந்த மூன்று நிமிடத்தில் எங்களுக்கு இன்னொரு கோல் விழுந்தது. மாமிக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. தோற்றாலும் முழுசாய்த் தோற்க வேண்டும் என்றார்.

இன்னொரு தரம், எங்கள் ஒழுங்கையில் ஒரு செத்தவீடு. செத்தவவின் தங்கச்சி வவுனியாவிலிருந்து வந்துகொண்டிருந்தா, வழியில் பஸ் பழுது. கோயில் மூப்பர் மணிக்கூட்டைப் பார்த்தார். மூப்பர் என்பவர் எங்கள் ஊரில் சின்ன ஆள் இல்லை. கோயில் சாவி, மணிக் கயிறு, செத்தவர்களின் பெயர்ப் பட்டியல் எல்லாம் அவர் பொறுப்பு. "நேரம் போச்சு, பெட்டியை மூடுவம்" என்றார். மாமி போய்ப் பெட்டி விளிம்பில் கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்துவிட்டார்.

"மூப்பர், உள்ளை கிடக்கிற ஆள் அவசரப்படேல்லை. உங்களுக்கென்ன அவசரம்?"

ஒரு மணித்தியாலம் கழித்துத் தங்கச்சி வந்து அக்காவின் முகத்தைப் பார்த்தா. அதற்குப் பிறகுதான் கை எடுத்தார். மூப்பருக்கும் மாமிக்கும் இடையில் அன்றைக்குத் தொடங்கியது என்று ஊரில் சொல்வார்கள். இல்லை. அது அதற்கு முந்தியே தொடங்கியது, எங்கள் வீட்டு விசயத்தில். அதை நான் சொல்லத்தான் வேண்டும்.

எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, என் அக்கா எங்கள் வளவுக் கிணற்றில் இறந்துபோனா. அவவுக்குப் பத்தொன்பது வயது. தவறி விழுந்தாவா, வேறு ஏதாவதா, எங்களுக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அந்த நாளைய பாதருக்கும் மூப்பருக்கும் எப்படியோ தெரிந்திருந்தது. அவர்களே தீர்மானித்தார்கள். அக்காவின் பெட்டி கோயிலுக்குள் போகவில்லை. எங்கள் ஊரில் ஆர் செத்தாலும் வயதுக்கு ஒரு அடி என்று துக்க மணி அடிப்பார்கள். அக்காவுக்கு ஒரு அடியும் அடிக்கவில்லை. சேமக்காலையின் மேற்கு மதிலோரம் நெருஞ்சி முள்ளுக்குள் புதைத்துவிட்டு வந்தோம். மாமி அன்றைக்கு மணிக்கூண்டுக்குப் போய்க் கயிற்றைப் பிடித்தாராம். மூப்பர் கயிற்றை மறித்துக்கொண்டு நின்றாராம்.

ஒவ்வொரு நவம்பரிலும் சகல ஆத்துமாக்களின் திருநாளன்று, வீட்டுக்கு வீடு செத்தவர்களின் பெயர்களைக் கடதாசியில் எழுதிக் கொடுப்போம். பாதர் சேமக்காலையில் நின்று எல்லாப் பெயர்களையும் சத்தமாக வாசிப்பார். நான் முன்பள்ளி ரீச்சர். என் கையெழுத்து வடிவு என்று எங்கள் ஒழுங்கைக் கடதாசிகளை எல்லாம் என்னிடம்தான் எழுதத் தருவார்கள். ஒழுங்கையில் செத்த அத்தனை பேரையும் எழுதியிருக்கிறேன். அக்காவை மட்டும் எழுதியதில்லை.

"எழுதட்டோ, அம்மா?" என்று ஒவ்வொரு வருடமும் கேட்பேன்.

"வேண்டாம். வாசிக்கேக்கை சனம் திரும்பிப் பாக்கும்."

இதுதான் எங்கள் வீட்டில் இருந்த துக்கம். மற்றதெல்லாம் எப்படியோ சமாளித்தோம்.

இனி நாடகம். இந்தியச் சனல் ஒன்றில் சனி, ஞாயிறு இரவுகளில் நாலு வருடம் ஓடிய பேய் நாடகம். அல்லிமுத்து என்று ஒரு வேலைக்காரப் பெட்டை, பெரிய வீட்டுக் கிணற்றில் செத்துப்போகிறாள். எப்படிச் செத்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவள் திரும்பி வருகிறாள். வந்து கழுத்தைக் கடிக்கவும் இல்லை, கண்ணைத் தோண்டவும் இல்லை. கிணற்றுக் கட்டில் இருந்து தலை சீவிக்கொண்டு, என்னை ஏன் ஒருத்தரும் தேடவில்லை என்று கேட்பாள். அவ்வளவுதான். அதற்கே அந்த வீட்டுக்காரர் நாலு வருடம் ஓடித்திரிந்தார்கள். பிறகு சனல்காரருக்கு என்ன கோதாரி அவசரமோ, ஒரே கிழமையில் ஒரு மந்திரவாதியைக் கூட்டிக்கொண்டு வந்து, புளியமரத்தில் ஆணி அடித்து அவளை இறுக்கிவிட்டு, வீட்டுக்காரர் எல்லாரையும் வரிசையாக நின்று சிரிக்கவைத்து முடித்துவிட்டார்கள்.

அடுத்த நாள் வாடியில் ஒருவரும் ஒழுங்காக நண்டு பிரிக்கவில்லையாம். புளியங்கூடலிலிருந்து சைக்கிளில் வேலைக்கு வருகிற சைவக்கார அக்கா ஒருவர், "நாலு வரியம் கண்முழிச்சுப் பாத்தது உந்தக் கண்டறியாத முடிவுக்கோ? செத்த எட்டாம் நாள் படைக்கிற எட்டுச் செலவுகூட அவளுக்கு இல்லை" என்று அழுதே விட்டாராம்.

மாமி கூடையைக் கீழே வைத்தார். விரல் உயர்ந்தது. "முடிஞ்சதெண்டு ஆர் சொன்னது? ஞாயிற்றுக்கிழமை மூண்டு மணிக்கு எல்லாரும் என்ரை வீட்டை வாங்கோ. முதலிலை இருந்து பாப்பம்."

அப்படித்தான் தொடங்கியது. பட்டப்பகலில் பேய் நாடகம் பார்க்கிற கூட்டம் இந்த உலகத்தில் நாங்கள் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். பாரிசில் இருக்கிற மாமியின் பெறாமகன் வாங்கிக் கொடுத்த பெரிய ரீவி. அதில் யூரியூப். யன்னல் வெளிச்சம் நேரே திரையில் விழுந்து அல்லிமுத்துவின் முகத்தை மறைக்கும் என்று போர்வையைக் கட்டித் தொங்கவிட்டோம். பன்னிரண்டு பெண்கள், ஒரு தட்டு முறுக்கு, ஒரு கேத்தில் தேத்தண்ணி. மாமியின் மனுசன் விறாந்தையில் வலை பொத்திக்கொண்டு இருப்பார். ஒருநாளும் உள்ளே எட்டிப் பார்த்ததும் இல்லை, சத்தத்தைக் குறை என்று சொன்னதும் இல்லை.

இரண்டாம் தரம் பார்க்கிறபோதுதான் எல்லாம் தெரிந்தது. பெரிய வீட்டு மருமகளின் மச்சம் இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. மூத்த மகனாக நடித்தவர் இரண்டு தரம் மாறினார். மூன்றாவது ஆளை மாமி கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. "உந்த மூஞ்சையை இந்த வீட்டுப் பிள்ளை எண்டு நான் சொல்லமாட்டன்" என்று அவன் வருகிற இடமெல்லாம் குசினிக்குப் போய்விடுவார். ஒரு காட்சியில் கிணற்றடியில் அல்லிமுத்துவின் காலில் செருப்புத் தெரிந்தது.

"ஐயோ, பேய்க்குச் செருப்பாம்!" என்று எல்லோரும் கெக்கட்டம் விட்டோம்.

"ஏன், கிணத்தடியிலை முள்ளுக் கிடக்காதோ? செத்த பிள்ளை எண்டால் குத்தாதோ?" மாமிக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது.

அதைச் சொன்னபோது நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அம்மா கதவோரம் தனிக் கதிரையில் இருப்பா. முறுக்கு எடுக்கமாட்டா, கதைக்கமாட்டா, ஆனால் ஒரு ஞாயிறும் விடமாட்டா. அல்லிமுத்து கிணற்றுக் கட்டில் இருந்து தலை சீவுகிறபோது மட்டும் அம்மாவின் வாய் அசையும். என்ன சொல்கிறா என்று நான் கேட்டதில்லை. மாமியும் கேட்டதில்லை. ஆனால் அந்த இடம் வரும்போது ஆராவது கதைத்தால் மாமி துவாயால் அடிப்பார்.

ஞாயிறுக்கு எட்டுப் பகுதி, பத்துப் பகுதி என்று பார்த்து ஒரு வருடம் ஓடியது. ஒக்டோபர் கடைசி ஞாயிறு கடைசிப் பகுதி வந்தது. மந்திரவாதி ஆணியையும் சுத்தியலையும் எடுத்தான். அல்லிமுத்து புளியமரத்தில் சாய்ந்து நின்றாள். மாமி படத்தை நிறுத்தினார். எழும்பி அலுமாரியைத் திறந்தார். மடுத் திருத்தலத்தில் வாங்கிய, மாதா உருவத்தில் செய்த பிளாஸ்ரிக் போத்தல். அதில் தீர்த்தம்.

"என்ன செய்யப்போறியள், அக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"சாகப்போற ஆளுக்கு ஆரும் ஞானஸ்நானம் குடுக்கலாம். பாதர் இல்லாட்டி நீங்கள் குடுங்கோ எண்டு மறைக்கல்வியிலை படிப்பிச்சவையோ இல்லையோ?"

"படிப்பிச்சவைதான். ஆனால் இவள் எப்பவோ செத்துப்போனாளே."

"செத்த ஆளுக்கு ஆணி என்னத்துக்கு?"

மாமி போத்தலின் நீல முடியைத் திருகினார். "மரியா அல்லிமுத்து, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்." மூன்று தரம் ஊற்றினார். தெளித்தார் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் ஊற்றினார். இரண்டாவது தரத்தில் டப் என்று ஒரு சத்தம், மூன்றாவதில் புகை. ரீவி அணைந்துவிட்டது. சேசு மரி சூசை என்று எல்லோரும் கதிரைக்குமேல் ஏறிவிட்டோம். மாமியின் மனுசன் அன்றைக்குத்தான் முதல்தடவையாக உள்ளே வந்தார். புகையைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார், சுவரிலிருந்த சுவிச்சை நிறுத்தினார். "றேடியோ கிடக்குத்தானே" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் போய் வலைக்கு முன்னால் இருந்துவிட்டார்.

புளியங்கூடல் அக்காவுக்குத்தான் ஒரு சந்தேகம். "அப்ப அவள் இனி வேதக்காரியோ? நான் கீரிமலைக் கடலிலை அவளுக்கு ஒரு அந்தியேட்டிக் கிரியை செய்யலாமெண்டு நினைச்சிருந்தன்."

"அதையும் செய்யும். நாலு வரியம் ஒண்டும் கிடைக்காமல் இருந்தவள். ரெண்டு கிடைச்சால் வேண்டாமெண்டோ சொல்லப்போறாள்?"

ஆணி அடிக்கிற காட்சியை எங்களில் ஒருவரும் பிறகு பார்க்கவே இல்லை.

இரண்டு நாள் கழித்து மாமியின் பட்டியலை எழுத உட்கார்ந்தேன். தாய், தகப்பன், கடலுக்குப் போய்த் திரும்பாத தமையன். பிறகு, "மரியா அல்லிமுத்து" என்றார். நான் பேனையை வைத்துவிட்டேன்.

"எழுது பிள்ளை."

"பாதர் பிடிச்சால், மாமி?"

"அவர் முல்லைத்தீவுப் பக்கமிருந்து வந்து ரெண்டு மாசம். இஞ்சை ஆர் செத்தது, ஆர் இருக்கிறது எண்டு அவருக்கென்ன தெரியும்? எழுது. கிணத்துக்கை போன ஒருத்தியின்ரை பேரைச் சேமக்காலையிலை வாசிச்சால் என்ன நடக்குது எண்டு நான் பாக்கவேணும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பேனையைத் திரும்ப எடுத்தேன். எழுதினேன். அந்தக் கடதாசியில் எல்லாவற்றிலும் வடிவாக விழுந்த பெயர் அதுதான்.

பாதர் வாசித்தார். மெழுகுதிரி வெளிச்சத்தில், சாம்பிராணிப் புகைக்குள், ஊரின் செத்தவர்களுக்கு நடுவில், மரியா அல்லிமுத்து என்று தெளிவாக வாசித்தார். நாடகம் பார்த்த பெண்கள் ஒரே குரலில், "நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும் ஆண்டவரே" என்றோம். திருநீற்றோடு படலைக்கு வெளியே நின்ற புளியங்கூடல் அக்காவும் சொன்னார். எல்லாம் நல்லபடியாகப் போயிருக்கும். மூப்பரின் மகளும் நாடகம் பார்க்கிறவள் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. அவள் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

அடுத்த நாள் பாதரின் அறைவீட்டில் விசாரணை. எழுதினவள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"சேமக்காலையிலை பேய்க்குச் செபமோ?" மூப்பர் மேசையில் தட்டினார். "ஊர் சிரிக்குது!"

பாதர் இளம் ஆள். சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குத் தெரிந்தது. "அம்மா, அது ஒரு நடிகை. அவ எங்கையோ உயிரோடை இருக்கிறா."

"அவவை எனக்குத் தெரியாது, பாதர். நல்லா இருக்கட்டும். நான் சொல்லுறது கிணத்துக்கை போனவளை."

"வாற ஞாயிறு பூசை முடிய, சனத்துக்கு முன்னாலை நிண்டு மன்னிப்புக் கேளும்," என்றார் மூப்பர். "இல்லாட்டித் தபசு காலத்திலை நீர் பசாம் பாட ஏலாது."

பசாம் என்பது யேசுவின் பாடுகளைப் பாடுகிற பாட்டு. இருபது வருடமாக முன்குரல் மாமிதான். அந்தக் குரலுக்காகவே நயினாதீவு வள்ளத்தைத் தவறவிட்டு நின்று கேட்டுப்போன ஆட்கள் இருக்கிறார்கள். அதைப் பறித்தால் மாமிக்கு வேறு என்ன இருக்கிறது? அவர் துவாயால் முகத்தைத் துடைத்தார்.

"பாட வேண்டாமெண்டால் பாடேல்லை. மன்னிப்புக் கேக்க ஏலாது." பிறகு அந்த நகமில்லாத விரல் மூப்பருக்கு நேரே உயர்ந்தது. "அப்பிடிக் கேக்கிறதெண்டால் முதலிலை நீங்கள் கேளுங்கோ. பத்தொன்பது வயசுப் பிள்ளைக்கு மணிக் கயித்தை மறிச்ச கை உது."

மூப்பர் மேசையிலிருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பாதர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

அன்றைக்குப் பின்னேரமே மாமி பொட்டுக்குள்ளால் எங்கள் குசினிக்கு வந்தார். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தா.

"மச்சாள், அல்லிமுத்துவின்ரை பேரை வாசிச்சாச்சு. வானம் இடிஞ்சு விழேல்லை. வாற வரியம் எங்கடை பிள்ளையின்ரை பேரையும் குடும்."

அம்மா கத்தியை வைத்தா. "என்ரை பிள்ளையைப் பேயோடை சேர்த்துக் கதைக்கிறீரோ?"

"அல்லிமுத்துவும் பேயில்லை, மச்சாள். தேட ஆளில்லாமல் போனவள்."

"நான் தேடேல்லையோ?" அம்மா இப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. "நான் தேடேல்லையோ? எழும்பிப் போம்! உம்முடைய கூத்துக்கு என்ரை பிள்ளை பகிடியோ? போம் எண்டுறன்!"

மாமி போனார். அடுத்த நாள் அம்மா ஆள் பிடித்துப் பொட்டை அடைப்பித்தா, புதுக் கிடுகு வைத்து, கம்பி வரிந்து. நான் காத்திருந்தேன். ஒரு நாள், இரண்டு நாள், ஒரு கிழமை. அந்தத் தரம் மட்டும் மாமி பிரிக்கவில்லை. எனக்கும் அவர்மேல் கோபம்தான், அதை மறைக்கவில்லை. ஒரு நாடகத்தைப் பிடித்துக்கொண்டு வந்து என் அம்மாவைக் கதறவைத்துவிட்டாரே என்று அந்த மாரி முழுக்க அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

தபசு காலம் வந்தது. மாமி கோயிலில் முன்வரிசையில் வந்து இருந்தார், வாயைத் திறக்கவில்லை. மற்றவர்கள் பசாமைப் பாடிப் பாடிக் கொலை செய்தார்கள். ஆறு வெள்ளி அப்படிப் போனது. பெரிய வெள்ளிக்கு முதல்நாள் பாதர் தானே நடந்து மாமி வீட்டுக்குப் போனார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குக் கேட்டது.

"நாளைக்கு நீங்கள்தான் பாடவேணும், அம்மா."

"மன்னிப்புக் கேக்காமல் எண்டால் வாறன்."

"நான் கேக்கச் சொல்லேல்லையே."

பாடினார். செத்த மகனை மடியில் வைத்துத் தாய் அழுகிற இடத்தை அவர் பாடியபோது அம்மா எழும்பி வெளியே போய்விட்டா. நான் பின்னால் ஓடினேன். கோயில் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்று, "அவளுக்குத் தலை சீவி விடாமல் அனுப்பிப்போட்டன்" என்றா. அவ்வளவுதான் சொன்னா. ரீவிக்கு முன்னால் அம்மாவின் வாய் என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

திரும்ப ஒக்டோபர். நான் விறாந்தையில் கடதாசிகளோடு இருந்தேன். வேலியடியில் சரசரவென்று சத்தம். ஆடு புகுந்துவிட்டதாக்கும் என்று எழும்பிப் போய்ப் பார்த்தால், அம்மா. குறட்டால் கம்பியை வெட்டி, கிடுகைக் கையால் பிய்த்துக்கொண்டு நிற்கிறா. முழங்கைவரை கீறல்.

"மச்சாள்!" என்று அந்தப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டா. "இஞ்சை ஒருக்கா வாரும். பிள்ளை பேர் எழுதுறாள்."

மாமி குனிந்து பொட்டுக்குள்ளால் வந்தார். இரண்டு பேரும் என் இரண்டு பக்கமும் இருந்தார்கள். அம்மா அக்காவின் முழுப் பெயரையும், ஞானஸ்நானப் பெயரோடு சேர்த்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னா. ஊரே மெச்சிய என் கையெழுத்து அந்த ஒரு பெயருக்குக் கோணிப்போனது. பரவாயில்லை என்று மாமி சொன்னார்.

சேமக்காலையில் பாதர் எங்கள் வீட்டுக் கடதாசியை எடுத்தார். நான் மாமியைத் தேடினேன். காணவில்லை. இந்த நேரம் பார்த்து எங்கே தொலைந்தார் என்று எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பாதர் அப்பாவின் பெயரை வாசித்தார். பிறகு அக்காவின் பெயரை வாசித்தார். அம்மா பயந்ததுபோலவே சனம் திரும்பிப் பார்த்தது. அம்மா முக்காட்டைப் பின்னால் தள்ளிவிட்டு நிமிர்ந்து நின்றா.

"பாக்கட்டும்," என்றா.

அப்போது கோயில் மணி அடித்தது. ஒன்று. நீண்ட இடைவெளி. இரண்டு. துக்க மணி. மூப்பர் திடுக்கிட்டு இடுப்பைத் தடவினார், மணிக்கூண்டுச் சாவி அங்கே இல்லை. அவர் பாதரைப் பார்த்தார். பாதர் அடுத்த பெயரை வாசிக்காமல் கடதாசியையே பார்த்துக்கொண்டு நின்றார். மூப்பர் படலைவரை போனார். அங்கேயே நின்றுவிட்டார். பிறகு தோளில் கிடந்த சால்வையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். அதை நான் பார்த்தேன், அதனால் எழுதுகிறேன்.

அம்மா சத்தமாக எண்ணினா. ஏழு, எட்டு என்று தொடங்கியபோது தனிக்குரல். பதினைந்தில் ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து எண்ணினோம். பத்தொன்பது. எல்லோரும் மூச்சை விட்டோம். மேற்கு மதிலோரம் அக்காவின் குழிமேல் மெழுகுதிரி அணையாமல் நின்றது.

பிறகு இன்னொரு அடி விழுந்தது.

மாமி வியர்த்துக் களைத்து, உள்ளங்கை இரண்டும் சிவந்து வந்தபோது, "இருவதாவது ஆருக்கு, மாமி?" என்று கேட்டேன்.

"அல்லிமுத்துவுக்கு. அவளின்ரை வயசை அந்தச் சனல்கார அறுவாங்கள் ஒரு இடத்திலையும் சொல்லேல்லை."

மாமி போன வருடம் உயிர்த்த ஞாயிறு கழிந்து போய்விட்டார். கடைசிவரை வாடிக்குப் போனார். அவருக்கு மணி அடித்தது மூப்பர்தான், வேறு ஒருவரையும் கயிற்றைத் தொடவிடவில்லை. எத்தனை அடி என்று கேட்காதீர்கள். அழுகையில் எண்ண முடியவில்லை.

இந்த நவம்பருக்கு எங்கள் வீட்டுக் கடதாசியை நான் எழுதிக் கொடுத்தேன். இப்போது இருக்கிற பாதர் புதியவர், ஒழுங்கான ஆள். பங்குப் புத்தகத்தோடு ஒவ்வொரு பெயரையும் ஒத்துப் பார்க்கிறார். என்னை நிறுத்தினார்.

"ரீச்சர், உதிலை ஒரு மரியா அல்லிமுத்து இருக்கிறா. ஆர் அவ? புத்தகத்திலை இல்லையே."

"புத்தகத்திலை இல்லை, பாதர். எங்கடை ஆள்தான். வாசியுங்கோ."

"எப்பிடிச் செத்தவ?"

என் விரல் தானாக உயர்ந்துவிட்டது. எனக்கு நகம் இருக்கிறது, இருந்தாலும் பாதர் பேசாமல் கேட்டார்.

"அதைத்தான் பாதர் ஒருத்தரும் கேக்கேல்லை. நீங்கள்தான் முதல் ஆள். இருங்கோ, சொல்லுறன்."

மாமியின் பெயரை நான் இதில் எழுதவில்லை. மச்சான் அதை வைத்தும் போனில் சிரிப்பான். வேண்டுமென்றால் அவன் நவம்பரில் எங்கள் சேமக்காலைக்கு வந்து நிற்கட்டும். அக்காவுக்கும் அல்லிமுத்துவுக்கும் அடுத்ததாக, சத்தமாக வாசிப்பார்கள்.